துண்டுக் கணக்கும் தம்பியின் காலும்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு தையல்தான். சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கீழே நானும் தம்பியும். மேலே ஒரு அறையில் ஒரு பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கம்பஸில் எஞ்சினியரிங் படித்து முடித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. பொலிஸில் பதிந்த வீட்டுத் துண்டில் எங்கள் மூன்று பேருடைய பெயரும் இருந்தது.

தம்பிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊரில் சங்கக் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவன். ஷெல் விழுந்தது. கப்பலில் கூட்டிக்கொண்டு வந்தேன். கொழும்பில், கால் இல்லாத தமிழ்ப் பெடியன் என்றால் பொலிஸ் இரண்டு தரம் பார்க்கும். வீட்டுச் செக்கிங்குக்கு வந்தால் முதல் வேலை அவன் சாரத்தை உயர்த்திக் காட்டுவது. எங்கே போனது, எப்போது போனது, யாருக்காகப் போனது என்று கேட்பார்கள். அவன் ஒரே பதில்தான் சொல்வான்.

"மண்ணெண்ணெய்க்கு."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கையைப் பிசைவேன்.

மருதானையில் செயற்கைக் கால் செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு கால் செய்து தந்தார்கள். மிச்சக் கால் போய் இருக்கிற கோப்பை மாதிரியான பகுதி அவனுக்குச் சரிவரவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கத்தில், சின்ன எலும்பு ஒன்று புடைத்திருக்கும். அந்த இடத்தில் உரசிப் புண்ணாகியது. ஆறும், திரும்ப உடைக்கும். மிச்சக் காலுக்கு உறை மாதிரிப் போடுகிற மேஸ் நான்தான் தைத்துக் கொடுப்பது. பின்பக்கம் தையல் வரும்படி தைப்பேன். கழற்றினால் ஒரே இடத்தில் இரத்தம்.

புண்ணுக்கு மருந்து தருகிற டொக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னார். "இன்னும் ஒரு கோப்பைதான். அதுவும் உரசினா புண் எலும்புக்குப் போயிடும். பிறகு முழங்காலுக்கு மேலை வெட்டவேணும்."

தம்பியிடம் நான் முழுக்கச் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றைக்கு முழங்காலைத் தடவிக்கொண்டே சோறு தின்றான்.

மேலே இருந்த பிள்ளையின் ஆராய்ச்சியும் இதுதான். கோப்பை செய்வதற்கு முதலே, அது காலில் எந்த இடத்தை எவ்வளவு அமர்த்தும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கலாமாம். பட்டறையில் கேட்டு, தம்பியின் மிச்சக் காலின் பிளாஸ்டர் அச்சை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. வெள்ளைக் கால் ஒன்று என் தையல் மேசையில் நின்றது. துணி போட்டு மூடி வைத்தேன்.

"என்னை விட அதுக்குத்தான் மரியாதை," என்றான் தம்பி. "எனக்கு ஆரும் போர்த்து விடுறேல்லை."

எனக்கு ஒரே கேள்வி. "கம்ப்யூட்டருக்கு நோவு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

பிள்ளை படியில் குந்தியிருந்து சொன்னது. "தெரியாது அக்கா. அதுக்குக் கணக்குத்தான் தெரியும். முழுக் காலையும் ஒண்டா வைச்சால் கணக்கு வராது. சின்னச் சின்னத் துண்டா வெட்டவேணும். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு தள்ளுது எண்டு பார்த்துக்கொண்டு போனால், எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லும்."

"வெட்டினதை ஒட்டவேணுமே."

"ஓம். மூலையிலை மூலை சேரவேணும். ஒரு மூலை பிசகினாலும் முழுக்கப் பிழைச்சிடும்."

அது எனக்கு விளங்கியது. சட்டையும் அப்படித்தான்.

பைனைட் எலிமென்ட் என்று அதற்குப் பேர். எனக்கு வாயில் வரவில்லை. துண்டுக் கணக்கு என்றே சொல்லிக்கொண்டேன். கம்பஸில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்களாம். ஒருவர் அணைக்கட்டைத் துண்டு போடுகிறார். ஒருவர் தேயிலை காய வைக்கிற பெட்டிக்குள் சூடு எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார். பல்லு டொக்டர் ஒருவர் கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

"எங்கடை முறை எப்ப?"

"வாற கிழமை. அதுக்குள்ளை அளந்து முடிக்கவேணும்."

அளக்கிற வேலை இப்படி. பலகையில் கட்டம் போட்ட தாள் ஒட்டி, அதன் நடுவில் அச்சை நிறுத்தியிருந்தது. அச்சைச் சுற்றிப் பென்சிலால் பன்னிரண்டு வளையம். வளையத்துக்கு இருபத்துநாலு புள்ளி. மூலைமட்டத்தை நிமிர்த்திப் புள்ளியில் முட்ட வைத்து, அதன் அடி தாளில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவிலிருந்து பக்கவாட்டில் எத்தனை மில்லிமீற்றர், முன்பின்னாக எத்தனை, உயரம் எத்தனை. ஒரு புள்ளிக்கு மூன்று இலக்கம். நடுவுக்கு இடப்பக்கமோ பின்பக்கமோ போனால் இலக்கத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. சய அடையாளம், மைனஸ்.

பிள்ளை இரண்டு வளையம் அளந்தது. மூலைமட்டம் கையில் நிற்கவில்லை. மில்லிமீற்றர் பிசகியது.

"விடு," என்றேன். "நான் அளக்கிறன். என்ரை கைக்கு அது பழக்கம்."

அந்தக் கிழமைதான் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு பெடியனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலையில் பத்து மணி இருக்கும். அவனுடைய கொப்பியில் இலக்கங்கள் இருந்ததாம். பஸ் நேரம். இரத்மலானையில் வேலை தேடித் திரிந்தவன், எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்திருக்கிறான். பெயர் எழுதவில்லை. வெறும் இலக்கம். அது என்ன இரகசியக் கோட் என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். ஒன்பது நாள் கழித்து விட்டார்கள்.

அவனைப் பிடித்த அன்று மத்தியானம் பிள்ளை தன் தாள்களைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தது. முகத்தில் இரத்தம் இல்லை.

"அக்கா, இதைப் பாருங்கோ. முழுக்க இலக்கம். கோடு கோடா அடையாளம். இதை என்னண்டு சொல்லுறது? காலில்லாத ஆள் இருக்கிற வீடு. மேசையிலை வெள்ளைக் கால்."

நான் தாள்களை வாங்கினேன். குசினிக்குப் போய்ப் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டுக் கொளுத்தினேன். பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு என் அளவுக் கொப்பியை எடுத்தேன். வாடிக்கைக்காரருடைய அளவு எழுதுகிற கொப்பி. புதுப் பக்கம் திருப்பி மூன்று கோடு இழுத்து மேலே எழுதினேன். நெஞ்சு, இடுப்பு, நீளம். பிள்ளை முதல் தரம் சிரித்தது.

"நெஞ்சுக்குச் சய வராதே அக்கா."

"வராது. அதை விட்டிடுவம்."

கொஞ்ச நேரம் யோசித்தது. "சரி. வரிசை மாறாமல் எழுதினால் காணும். முன் எலும்பிலை துவங்கி வலப்பக்கமாச் சுத்தி வாங்கோ. சய எங்கை வரும் எண்டு வரிசையைப் பார்த்து நானே போட்டுக்கொள்ளுவன்."

"வலப்பக்கமாத்தானே?"

"ஓம். வலப்பக்கமா."

நாலு நாள் அளந்தேன். தைக்க வந்த துணி கிடந்தது. ஒழுங்கையில் வாகனம் வந்து நின்றால் அச்சுக்கு மேலே ஒரு பாவாடையைப் போடுவேன். அது ஆட்டோவாக இருக்கும். திரும்ப எடுப்பேன்.

பிள்ளை கொப்பியை நூல், பொத்தானோடு ஒரு பைக்குள் வைத்துக் கம்பஸுக்குக் கொண்டுபோனது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் அடித்தது. அச்சு மருதானைக்குத் திரும்பிப் போனது.

அடுத்த கிழமை வியாழக்கிழமை, காலையில், பிள்ளை இரண்டு படம் கொண்டு இறங்கி வந்தது. வலை போட்ட மாதிரித் துண்டு துண்டாய் ஒரு கால். ஒரு படம் கலர். அமர்த்துகிற இடம் சிவப்பு. இன்னொன்று கறுப்பு வெள்ளை. அதில் சிவப்பு வருகிற இடத்தைப் பென்சிலால் தீட்டியிருந்தது.

"கலர்ப் படத்தை நானாட்டைக் குடுத்திட்டுக் கம்பஸுக்குப் போறன் அக்கா. இண்டைக்கே அச்சைச் செதுக்குவார். சிவப்பு இடத்திலை பிளாஸ்டர் கூட்டுவார், கோப்பை அதிலை முட்டாது. மற்றப் பக்கத்தை அரத்தாலை இறக்குவார், பாரம் அங்கை போகும்."

நானா என்பது மருதானைப் பட்டறையில் கால் செய்கிறவர். முஸ்லிம் ஆள். நல்ல கை.

பிள்ளை போய்விட்டது. நான் தம்பியின் புண்ணைத் துடைத்துக் கட்டப் போனேன். கறுப்பு வெள்ளைப் படம் பக்கத்தில் கிடந்தது. எடுத்து அவன் காலுக்கு நேரே பிடித்தேன்.

பென்சிலால் தீட்டிய சிவப்பு இடம் உள்பக்கத்தில் இருந்தது.

புண் வெளிப்பக்கத்தில்.

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். முன் எலும்பு முன்னுக்குத்தான் இருக்கிறது. சிவப்பு உள்ளேதான்.

"என்னக்கா?"

"உனக்கு உள்பக்கம் நோகுதோ?"

"இல்லை."

"எப்பவாவது?"

"எனக்கு நோகிறது எங்கையெண்டு உனக்குத் தெரியாதோ? நீதானே அதுக்குப் பூசை செய்யிறது."

முதலில் படித்த பிள்ளையின் படத்தில் பிழை இருக்காது என்றுதான் நினைத்தேன். எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கலாம். கொப்பியை எடுத்து முதல் வளையத்தைப் பார்த்தேன். முன் எலும்பு. அடுத்தது வலப்பக்கம்.

அப்போதுதான் விளங்கியது.

என் முன்னால் ஒருவர் அளவு கொடுக்க நின்றால், வலக்கை என்பது அவருடைய வலக்கை. என்னுடையது அல்ல. இருபது வருஷம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அச்சும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதுவும் எனக்கு ஒரு ஆள்தான். அதனுடைய வலப்பக்கமாகச் சுற்றினேன். பிள்ளை நினைத்தது பார்க்கிறவருடைய வலப்பக்கம். சய அடையாளம் இருந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். அதை நாங்களே பயத்தில் விட்டோம். கம்ப்யூட்டர் தம்பியின் வலது காலை இடது காலாக்கிக் கணக்குப் போட்டிருக்கிறது. மூலையில் மூலை சரியாகச் சேர்ந்திருக்கிறது. அதனால் அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

நானா இன்றைக்குச் செதுக்குவார். புண் இருக்கிற பக்கத்தை இறக்குவார். கோப்பை நேரே புண்ணில் போய் இருக்கும். வேறு அச்சு எடுக்கவும் ஏலாது, கால் வீங்கியிருந்தது.

காலி வீதிக்கு ஓடி கொமியூனிகேஷன் கடையில் பட்டறைக்குப் போன் அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். தோய்க்கப் போட்டிருந்த மேஸையும் எடுத்தேன். முந்தின நாளுடையது. இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"உதை எங்கை கொண்டு போறாய்?" என்றான் தம்பி.

"மருதானைக்கு."

"ரத்தம் பட்ட துணியோடை ஸ்டேஷனுக்கோ? உனக்கு விசரோ? ஆற்றை ரத்தம் எண்டு கேட்டால்?"

நான் இரண்டையும் பைக்குள் அடைத்தேன்.

வெள்ளவத்தையில் கோச்சி ஏறி, ரயில் பெட்டியில் நின்றுகொண்டே போனேன். கடல் பக்கம் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அது நின்று நின்று போனது. ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

மருதானை ஸ்டேஷன் வாசலில் செக்கிங். ஐடென்டிட்டி கார்டைப் பார்த்ததும் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பொம்பிளைப் பொலிஸ் பைக்குள் கை விட்டாள். கொப்பி வந்தது. மேஸ் வந்தது.

கொப்பியை ஒரு பெடியன் பொலிஸ் வாங்கினான். மேஸை அவள் விரல் நுனியால் பிடித்தாள்.

"மே காகே லே?"

யாருடைய இரத்தம் என்று கேட்டாள். தம்பியுடையது என்றால் வயது கேட்பார்கள். வயதைச் சொன்னால் வீட்டுக்கு வருவார்கள்.

"தாத்தாகே," என்றேன். அப்பாவுடையது. "தியவெடியாவ." சீனி வருத்தம்.

அப்பா செத்துப் பதினொரு வருஷம். அவருக்குச் சீனி இருந்ததில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மேஸைப் பார்த்தேன். அவளுக்கும் யாரோ வீட்டில் இருந்திருக்க வேண்டும். "அனே," என்று பரிதாபமாகச் சொல்லித் திரும்பப் பைக்குள் போட்டாள்.

பெடியன் பொலிஸ் விடவில்லை. தமிழ் எழுத்தும் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது. மேலே எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்தான். இலக்கத்தில் விரலை வைத்தான். பக்கம் திருப்பினான். மெதுவாகத் திருப்பினான். பட்டறையில் அரம் ஓடுகிற சத்தம் எனக்குக் காதுக்குள் கேட்டது.

"நெஞ்சு அம்பத்திரண்டு. இடுப்பு ஒன்பது," என்று சிங்களத்தில் சொன்னான். "இது என்ன, எறும்பா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் விடமாட்டான்.

"எறும்புக்குச் சட்டை தைக்க எவ்வளவு எடுப்பாய்?"

"துணி மிச்சம். குறைச்சுத்தான் எடுப்பன்," என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

கொப்பியைத் தந்தான். சந்தி திரும்பும்வரை நடந்தேன். பிறகு ஓடினேன்.

பட்டறை வாசலிலேயே சத்தம் கேட்டது. நானா தம்பியின் அச்சைக் குறட்டில் பிடித்து வைத்து அரத்தால் இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் அவர் மீசை முழுக்க. கலர்ப் படம் சுவரில் குத்தியிருந்தது.

"நிப்பாட்டுங்கோ நானா!"

அரம் நின்றது. "என்ன இது அக்கா, ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களா?"

"பக்கம் மாறிப்போச்சு. நீங்கள் இறக்கிறது புண்ணிருக்கிற பக்கம்."

அவர் படத்தைப் பார்த்தார். "இல்லையே. கம்பஸ் படம் இது. அந்தப் புள்ள காலைலதான் தந்திட்டுப் போச்சு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லேல்லை. நான் எழுதிக் குடுத்தது பிழை."

அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். படித்த பிள்ளையின் படத்தை விட்டுவிட்டுத் தையல்காரி சொல்வதை எப்படிக் கேட்பது? எனக்கு விளக்கவும் வரவில்லை. மூச்சு வாங்கியது.

மேஸை எடுத்தேன். குறட்டில் இருந்த அச்சுக்கு மேலே போட்டு இழுத்துவிட்டேன். தையலைப் பின்பக்கத்துக்கு நேர் வைத்தேன்.

"நான் தைச்ச மேஸ். தையல் எப்பவும் பின்னுக்குத்தான் வரும். இப்ப ரத்தம் எங்கை நிக்குது பாருங்கோ."

கறுத்த வட்டம், அவர் அரம் வைத்த இடத்துக்கு மேலேயே வந்து நின்றது.

நானா கிட்ட வந்தார். மேஸுக்கு மேலால் பெருவிரலை வைத்து அமர்த்திப் பார்த்தார். உள்ளே சின்ன எலும்பின் புடைப்பு இருந்திருக்கும். பிறகு அரத்தை எட்ட வைத்தார்.

"ரெண்டு இழுவைதான் இழுத்தேன்," என்றார். "பூசி நிரப்பலாம். அந்தப் புள்ள வந்து புதுப் படம் தரட்டும். அது வரை கைய வைக்க மாட்டேன்." ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு, "டீ ஒண்டு குடிங்க. அக்காட மொகம் பிளாஸ்டர் மாதிரி இருக்கு," என்றார்.

அன்று பின்னேரம் பிள்ளை வந்ததும் நான்தான் முதலில் சொன்னேன். என்னுடைய பிழை என்று சொன்னேன். பிள்ளை படியில் இருந்துவிட்டது.

"இல்லை அக்கா. கேட்டிருக்க வேண்டியது நான். ஆற்றை வலப்பக்கம் எண்டு ஒரு சொல்லுக் கேட்கேல்லை."

கம்பஸில் கெஞ்சி ஒரு முறை வாங்கியது. பல்லு டொக்டர் விட்டுக்கொடுத்தாராம். எல்லாச் சயவையும் திருத்திப் போட்டது. கம்ப்யூட்டர் மறுநாள் மத்தியானம்வரை ஓடியது. நான் அன்று மூன்று சட்டைக்குக் கொலர் பிழையாக வைத்துப் பிரித்தேன்.

பிள்ளை படத்தோடு வந்தது. வாசலிலேயே தம்பியின் காலுக்கு நேரே பிடித்தோம். சிவப்பு, கட்டுத் துணிக்கு நேரே நின்றது. பின்பக்கம், முழங்கால் மடிப்புக்குக் கீழே, ஒரு மஞ்சள் வட்டமும் இருந்தது.

"இது என்ன?"

"அதுவும் கொஞ்சம் அமர்த்தும். இப்ப ஒண்டும் செய்யாது. பார்த்துக்கொள்ளவேணும்."

"பாக்கிறன்," என்றேன்.

தம்பி படத்தை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தான். "சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு," என்றான். "என்னட்டைக் கேட்டிருந்தால் உடனை சொல்லியிருப்பன்."

நானா கோப்பை செய்தார். தம்பி முதல் நாள் வீட்டுக் கேற் வரைக்கும் போனான். பிறகு கடைவரைக்கும். நான் ஒவ்வொரு பின்னேரமும் மேஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் கிழமை ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அடுத்த நாள் அது இல்லை. டொக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, வெட்டுகிற கதையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பிள்ளை வேறு ஆட்களின் அச்சும் கொண்டுவந்தது. அளந்தேன். கொப்பியில் நெஞ்சு, இடுப்பு, நீளம்தான். ஆனால் இப்போது சய வரவேண்டிய இடத்தில் சய போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும்.

அந்த மாதம் திரும்பவும் வீட்டுச் செக்கிங். காலையில் நாலு பேர். மேசையில் கொப்பி விரித்துக் கிடந்தது. மூடி வைக்க நேரம் இல்லை. பெரியவர் கொப்பியைத் தூக்கினார்.

"இது என்ன கோடு?" கொச்சைத் தமிழில் கேட்டார்.

"உள்ளுக்குப் பிடிக்கிற அளவு, சேர். இவ்வளவு குறைக்கவேணும் எண்டு."

அவர் நம்பினாரோ தெரியாது. கொப்பியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியிடம் போனார்.

"சாரத்தை உயர்த்து. அந்தக் காலைக் கழற்று."

"எங்கே போனது?" என்று கேட்டார்.

"மண்ணெண்ணெய்க்கு," என்றான் தம்பி. வார் அவிழ்த்துக் காலைக் கழற்றி நிலத்தில் வைத்தான்.

நாலு பேரும் கழற்றிய காலைப் பார்த்தார்கள். நான் மேஸைப் பார்த்தேன். வெளிப்பக்கம் பார்த்தேன். எட்டிப் பின்பக்கமும் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.